வளைவுப் பாதையும் நம் வகுப்பறையும்

பெங்களூரு நகரின் கிழக்குப் பகுதியில் அமைந்த அல்சூர், ஏரியாலும் சோமேசுவரர் கோயிலாலும் பெயர் பெற்ற பழைய ஊராகும். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடமும் அது. 2009ஆம் ஆண்டில் ஏரிக்கரையை அடுத்துத் திறந்துவைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையை அறியாதார் அப்பகுதியில் இலர். 2011 அக்டோபர் 20ஆம் நாள் முதல் இவ்வூரின் தலைக்கு மேலே மெட்ரோ இரயில் ஓடிவருகிறது. பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே அன்று திறக்கப்பட்ட பாதையில் அல்சூரும் ஒரு நிலையம். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய இப்பாதை, கீழேயுள்ள சாலைகளின் போக்கையே பெரிதும் தழுவிச் செல்கிறது. சாலை வளையும் இடத்தில் இருப்புப்பாதையும் வளைகிறது. வண்டியில் நிற்போர் தம்மை அறியாமலே கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கின்றனர்.

இவ்வண்டியில் நாள்தோறும் கல்லூரிக்குச் சென்றுவரும் மாணவன் ஒருவன் என்னிடம் ஒருமுறை கேட்டான்: "ஐயா, வளைவில் வண்டி விரையவும் இல்லை, தளரவும் இல்லை. ஒரே வேகத்தில்தான் செல்கிறது. வேகம் மாறாதபோது முடுக்கம் எங்கிருந்து வந்தது?" அவன் புகுமுக வகுப்பு மாணவன். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும் என்பதை அவன் நன்கு மனப்பாடம் செய்திருந்தான். தேர்விலும் அதற்கு முழு மதிப்பெண் பெற்றிருந்தான். ஆயினும் அவ்வாய்பாடு எதைப் பற்றியது என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவனைக் குறை கூறுவதற்கில்லை. இக்கேள்வியைக் கேளாமலே இயற்பியலில் பட்டம் பெற்று வெளியேறுவோர் பலர் உளர். நானும் பல ஆண்டுகள் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உடனே கணக்குக்குத் தாவிய ஆசிரியனே.

இக்குழப்பத்திற்குச் சொல்லும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பழைய தமிழ்ப் பாடநூல்களில் 'வேகவளர்ச்சி' என்ற சொல் வழங்கிற்று. வேகம் வளர்ந்தால்தான் வேகவளர்ச்சி என்று மாணவன் பொருள் கொண்டால் பிழை அவனுடையதன்று. இன்று நாம் வழங்கும் 'முடுக்கம்' என்பதும் விரைவுபடுத்துதல் என்னும் பொருளையே முதலில் தோற்றுவிக்கிறது. இலங்கைத் தமிழர் 'ஆர்முடுகல்' என்பர். மையத்தை நோக்கியதை 'மையநாட்ட ஆர்முடுகல்' என்பர். அல்சூர்ச் சிறுவன் பள்ளியில் கன்னடத்தில் கேட்கும் 'வேகோத்கர்ஷ' என்னும் சொல்லும் வேகம் உயர்தல் என்றே பொருள்படுகிறது. ஆக, எந்த மொழியில் கற்றாலும் சொல் அவனை ஒரே பக்கம்தான் இழுக்கிறது. சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வேரூன்றிய கலைச்சொல்லைப் பிடுங்குவதில் நன்மையைவிடத் தீமையே மிகுதி. ஆனால் சொல் மறைப்பதை ஆசிரியர் வெளிப்படுத்தியாக வேண்டும். திசைவேகம் என்பதில் அளவும் உண்டு, திசையும் உண்டு. இரண்டில் எது மாறினும் முடுக்கம் உண்டு என்பதை வாய்பாட்டிற்கு முன்னர் ஒரு முழுப் பாடவேளை எடுத்துக் கூறுதல் தகும்.

அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. சீரான வேகத்தில் வட்டத்தில் சுழலும் பொருளின் திசைவேகத்தை ஓர் அம்பாக வரைக. பொருள் சுற்றிவரும் ஒவ்வோர் இடத்திலும் அம்பின் நீளம் ஒன்றே; திசை மட்டும் வேறு. இப்போது அவ்வம்புகள் அனைத்தையும் பெயர்த்தெடுத்து, அவற்றின் வால்கள் ஒரே புள்ளியில் அமையுமாறு வேறொரு தாளில் வரைக. அம்பின் முனைகள் தாமே ஒரு வட்டமாக அமைவதைக் காணலாம். அவ்வட்டத்தின் ஆரம் வேகமே. பொருள் ஒருமுறை சுற்றி முடிக்கும் நேரத்தில் அம்பின் முனையும் தன் வட்டத்தை ஒருமுறை சுற்றி முடிக்கிறது. பொருள் தன் வட்டத்தைச் சுற்றும் விரைவுக்கு வேகம் என்று பெயர்; அம்பின் முனை தன் வட்டத்தைச் சுற்றும் விரைவுக்கு முடுக்கம் என்று பெயர். முதல் வட்டத்தில் வேகத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் எதுவோ, இரண்டாம் வட்டத்தில் முடுக்கத்துக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதமும் அதுவே. எனவே முடுக்கம், வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்த ஈவாகிறது. அம்புமுனை நகரும் திசையை முதல் வட்டத்தில் பொருத்திப் பார்த்தால், அது எப்போதும் மையத்தையே சுட்டுவதும் புலனாகும். நுண்கணிதம் வேண்டுவதில்லை, சிறு கோணங்களை நெருக்கிக் காட்டும் வழக்கமான வரைபடமும் வேண்டுவதில்லை. என் அனுபவத்தில், கணக்கில் பின்தங்கியவர் என்று நாம் ஒதுக்கிய மாணவர்களே இவ்விளக்கத்தை விரைவில் பற்றிக்கொண்டனர்.

மையவிலக்கு விசையைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூற வேண்டும். வட்டத்தில் செல்லும் பொருள்மீது மையநோக்கு விசை உள்நோக்கியும் மையவிலக்கு விசை வெளிநோக்கியும் சமமாகச் செயற்படுகின்றன என்றும், இவை ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் பொருள் வட்டப்பாதையில் நிலைத்திருக்கிறது என்றும் இன்னும் சில வகுப்புகளில் சொல்லப்படுகிறது. இது பிழை. இரு விசைகளும் ஈடாகிவிட்டால் பொருள்மீது செயற்படும் நிகர விசை எதுவுமில்லை. அந்நிலையில் அது நேர்கோட்டில் அன்றோ செல்ல வேண்டும்? செயலும் எதிர்ச்செயலும் என்று இவ்விரண்டையும் இணைப்பது அதனினும் பெரிய பிழை. எதிர்ச்செயல் எப்போதும் வேறொரு பொருளின் மீதே அமைவது. மையவிலக்கு விசை என்னும் கருத்தை நாடு கடத்த வேண்டியதில்லை. வண்டியோடு சேர்ந்து திரும்பும் ஒருவன், தன் வண்டி அசையாமல் நிற்பதாகக் கொண்டு கணக்கிடும்போது அது பயன்தரும் கருவி. அவ்வாறு கணக்கிடும்போது, 'இப்போது நாம் வண்டிக்குள் அமர்ந்து பேசுகிறோம்' என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் போதும்.

சாணை பிடிப்பவரின் கல்லைக் கவனித்த எவரும் இதில் ஐயுற மாட்டார். கத்தி படும் இடத்திலிருந்து தீப்பொறிகள் கல்லின் விளிம்பைத் தொட்டவாறு நேரே பாய்கின்றன. மையத்திலிருந்து வெளிநோக்கி ஆரத்தின் வழியே சிதறுவதில்லை. மழைக்காலத்தில் மிதிவண்டிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சேறும் அவ்வாறே. பிடி விட்டதும் பொருள் தொடுகோட்டில் செல்கிறது. வெளியே இழுக்கப்பட்டுச் செல்வதில்லை.

வரலாற்றில் இவ்விரு பெயர்களும் தோன்றிய முறையும் மாணவர்க்குச் சுவையாக இருக்கும். ஆலந்து நாட்டு ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டிலேயே வட்ட இயக்கத்தின் இக்கணக்கைக் கண்டார். கயிற்றில் கட்டிய பொருள் வெளியே இழுப்பதாகத் தோன்றும் முயற்சியையே அவர் நோக்கினார். பின்னர் நியூட்டன் 1687இல் வெளியிட்ட தம் பெருநூலில் பார்வையைத் திருப்பி, மையத்தை நாடும் விசை என்று பெயரிட்டார். அவ்வாறு திருப்பியதன் பயன் யாது? சந்திரன் 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் 27.3 நாளில் புவியை ஒருமுறை சுற்றுகிறது. அதன் மையநோக்கு முடுக்கத்தைக் கணக்கிட்டால் விநாடிக்கு விநாடி 0.0027 மீட்டர் வரும். சந்திரனின் தொலைவு புவியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு. நிலத்தில் விழும் கல்லின் முடுக்கமாகிய 9.8 மீட்டரை 60இன் இருமடியாகிய 3600 ஆல் வகுத்தாலும் அதே 0.0027 தான் வரும். ஒரு பக்கத்தில் அடங்கும் இக்கணக்கை மாணவர் தம் கையால் செய்துபார்க்க வேண்டும். ஆசிரியர் விடையைச் சொல்லிவிடலாகாது.

செய்முறைக்கு வருவோம். விலையுயர்ந்த கருவி இல்லை என்று பல பள்ளிகள் இப்பாடத்தில் சோதனையே நடத்துவதில்லை. பழைய பந்துமுனைப் பேனாவின் வெற்றுக் குழாய் ஒன்று, வழவழப்பான நூல், ஒரு ரப்பர் அடைப்பான், சில எடைக்கற்கள் ஆகியவை போதும். நூலைக் குழாயினூடே செலுத்தி மேல்முனையில் அடைப்பானையும் கீழ்முனையில் எடையையும் கட்டுக. குழாயைக் கையில் பிடித்து அடைப்பானைத் தலைக்கு மேலே சுழற்றுக. தொங்கும் எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் வேகத்தில், அவ்வெடையே மையநோக்கு விசைக்கு அளவாகும். 20 கிராம் அடைப்பான், குழாயின் வாயிலிருந்து 80 சென்டிமீட்டர் நூல், கீழே 100 கிராம் எடை என்று கொண்டால் 20 சுற்றுக்கு ஏறத்தாழ 16 விநாடி ஆகும். எடையை 400 கிராமாக உயர்த்தினால் 8 விநாடியில் அதே 20 சுற்று முடியும். நான்கு மடங்கு விசைக்கு இருமடங்கு வேகம் என்பதை மாணவன் கைக்கடிகாரத்தாலேயே கண்டுகொள்கிறான்.

இச்சோதனையைப் பற்றி ஆசிரியர் சிலர் ஒரு குறை கூறுவர்: நூல் கிடைமட்டமாக இராமல் சற்றே கீழ்நோக்கிச் சாய்வதால் விடை பிழைபடும் என்பர். உண்மையில் பிழைபடுவதில்லை. நூல் சாய்வதால் அடைப்பான் சுற்றும் வட்டத்தின் ஆரம் குறைகிறது; நூலின் இழுவிசையில் மையத்தை நோக்கிய பகுதியும் அதே விகிதத்தில் குறைகிறது. எனவே சாய்ந்த நூலின் முழு நீளத்தையே ஆரத்தின் இடத்தில் வைத்துக் கணக்கிட்டால் கோணம் தானே நீங்கிவிடும். இதனை அறியாமல் நூலைப் படுக்கையாக்க வேண்டுமென்று மிக விரைவாகச் சுழற்றி, அடைப்பானை வகுப்பின் மறுகோடிக்கு எறிந்தவர்களை நான் கண்டதுண்டு. திறந்த வெளியில் செய்வதும், முடிச்சை இருமுறை இடுவதும் நலம்.

இனி, களப்பணியாளர்க்கு இப்பாடம் எதற்கு என்னும் வினா எழலாம். சாலைப் பணியில் இருப்போர்க்கு விடை அவர்கள் காலடியிலேயே உள்ளது. வளைவில் வண்டி திரும்ப வேண்டுமாயின் அதனை மையம் நோக்கித் தள்ள ஏதேனும் ஒன்று வேண்டும். சமதளச் சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே அதனைச் செய்கிறது. சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தினால், தரை வண்டியைத் தாங்கும் விசையில் ஒரு பகுதியும் உதவிக்கு வருகிறது. சாய்வும் உராய்வுக் கெழுவும் சேர்ந்த தொகை, கிலோமீட்டரில் கூறிய மணிவேகத்தின் இருமடியை 127 மடங்கு ஆரத்தால் வகுத்த ஈவுக்குக் குறையாதிருக்க வேண்டும். இந்த 127 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை கூறாத பணியாளர் பலர். புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.81ஐ 3.6இன் இருமடியால் பெருக்கியதே அது. கிலோமீட்டரை மீட்டராகவும் மணியை விநாடியாகவும் மாற்றிய அடையாளம். இந்தியச் சாலைக் கழகத்தின் முறையில் சாய்வைக் கணக்கிட வழங்கும் 225 என்னும் எண்ணும் இதன் பிள்ளையே. உராய்வைக் கணக்கில் கொள்ளாமல் வேகத்தில் முக்கால் பங்குக்கு மட்டும் சாய்வு அமைப்பது அம்முறை. முக்காலின் இருமடியால் 127ஐ வகுத்தால் 225 வருகிறது.

100 மீட்டர் ஆரமுள்ள வளைவைக் கருதுவோம். சமவெளிச் சாலைகளுக்குப் பெரும அளவாகிய 7 விழுக்காடு சாய்வும், வடிவமைப்பில் கொள்ளும் 0.15 உராய்வுக் கெழுவும் சேர்ந்து அங்கே மணிக்கு 53 கிலோமீட்டர் வரை இடம் தருகின்றன. ஓட்டுநர் 60 கிலோமீட்டரில் வந்தால் தேவைப்படும் தொகை 0.22 அன்று, 0.28 ஆகும். ஏழு கிலோமீட்டர் கூடுதலாக வந்ததற்குத் தேவை கால் பங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. இருமடி விதியின் கொடுமை இதுவே. மழையில் நனைந்த சாலையும் தேய்ந்த டயரும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாதி நிரம்பிய தண்ணீர் வண்டியின் நிலை இன்னும் இடர்மிக்கது. வளைவில் நீர் வெளிப்பக்கம் ஒதுங்கி, சறுக்குவதற்கு முன்பே வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடும்.

ஆயினும் நான் கவலைப்படுவது ஓட்டுநரைப் பற்றி மட்டுமன்று. சாலையை மீண்டும் மீண்டும் தாரிட்டுப் புதுப்பிக்கும்போது வளைவின் சாய்வு சிறிது சிறிதாக மறைந்துபோவதை நாடெங்கும் காணலாம். நேர்ச்சாலையில் மழைநீர் வடிவதற்காக நடுவில் மேடிட்டு இருபுறமும் சரித்துப் போடும் முறையை, வளைவிலும் அப்படியே தொடர்ந்துவிடுகின்றனர். அப்போது சாலையின் வெளிப்பாதி தவறான பக்கம் சாய்கிறது. மையம் நோக்கித் தள்ள வேண்டிய தரை எதிர்ப்புறம் தள்ளுகிறது. இருசக்கர வண்டியில் வரும் இளைஞன் அதனை அறியான். மட்டப்பலகையும் ஒரு கயிறும் கொண்டு கால்மணி நேரத்தில் அளந்துவிடக்கூடிய பிழை இது. வேலையை ஏற்றுக்கொள்ளுமுன் வளைவின் குறுக்குச் சாய்வை அளந்து பதிவு செய்வதைக் களப்பணியாளர் தம் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தார்க்கலவையின் கனத்தை அளக்க நாம் காட்டும் அக்கறையில் பாதியேனும் இதற்கு வேண்டும்.

அடுத்து நான் கூறப்போவது பால்பண்ணைப் பணியாளர்க்கு உரியது. அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஆடுகோடிப் பகுதியில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை உள்ளது. 1923இல் கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்குமாகத் தொடங்கப்பெற்ற பழைய நிறுவனத்தின் இடம் அது. 1927இல் காந்தியடிகள் அங்கே சென்று கால்நடைப் பராமரிப்பைக் கற்றது பலரும் அறிந்த செய்தி. பாலின் கொழுப்பை அளக்கக் கெர்பர் முறையைக் கையாளும் இடங்களில் மையநோக்கு முடுக்கம் நேரே உழவரின் பணப்பையைத் தொடுகிறது. அளவிட்ட கழுத்துடைய கண்ணாடிக் குப்பியில் கந்தக அமிலத்தையும் பாலையும் அமைல் ஆல்ககாலையும் இட்டுக் கலக்கி, சுழற்சிப் பொறியில் வைத்துச் சுற்றுகின்றனர். குப்பியின் கழுத்து மையத்தை நோக்கி இருக்கும். கனமான அமிலக் கலவை வெளியே தங்க, கொழுப்பு உள்நோக்கி வந்து கழுத்தில் சேர்கிறது.

இலேசான கொழுப்பு ஏன் மையத்தை நோக்கி வருகிறது? சுழலும் நீர்மத்தில் வெளிப்புறம் அழுத்தம் மிகுதி, உட்புறம் குறைவு. அவ்வழுத்த வேறுபாடு, கனமான நீர்மத்தை வட்டத்தில் செலுத்தத் தேவையான அளவுக்குச் சரியாக அமைகிறது. அதே இடத்தில் உள்ள இலேசான கொழுப்புத் துளிக்கு அவ்வளவு தள்ளுதல் வேண்டுவதில்லை. மிகுதியான தள்ளுதலால் அது உள்ளே நகர்கிறது. சன்னல்களை மூடிய பேருந்தில் ஹீலியம் நிரப்பிய பலூனை நூலில் பிடித்திருக்கும் குழந்தை இதனைக் காணலாம். வளைவில் பயணிகள் எல்லாரும் வெளிப்புறம் சாய, பலூன் மட்டும் உட்புறம் சாயும். பெரியவர்கள் இதைக் கண்டு வியப்பது எனக்கு எப்போதும் நகைப்பையே தரும்.

இங்கே ஒரு நடைமுறைக் குறை உண்டு. செய்முறைத் தாள்களில் 'நிமிடத்துக்கு 1100 சுற்று, 5 நிமிடம்' என்று எழுதப்பட்டிருக்கும். சுற்றின் எண்ணிக்கை மட்டும் முடுக்கத்தைத் தீர்மானிப்பதில்லை; ஆரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. குப்பியின் அடி 26 சென்டிமீட்டர் ஆரத்தில் சுழலும் பொறியில் 1100 சுற்றுக்குக் கிடைக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 350 மடங்கு. அதே 1100 சுற்று 18 சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறு பொறியில் 243 மடங்கையே தரும். கையால் சுற்றும் பெரிய பொறியில் களைப்பினால் 900 சுற்றே சுற்றினால் 235 மடங்குதான். முடுக்கம் குறையக் குறையக் கொழுப்பு முழுவதும் பிரிந்து வாராது. கழுத்தில் படிக்கும் அளவு உண்மையைவிடக் குறைவாகும். கொழுப்பின் அளவுக்கேற்ப விலை தரும் முறையில் அக்குறைவு பால் ஊற்றியவரின் இழப்பே. மாடு நல்ல பால் தந்தது. சுழற்றியவர் தந்ததோ குறைந்த எண். இன்று பல சங்கங்களில் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆயினும் அக்கருவிகளைச் சரிபார்க்க ஒப்பிடும் முறைகளுள் ஒன்றாகக் கெர்பர் முறை இன்றும் இருந்துவருவதால், இங்கே நேரும் பிழை அங்கேயும் புகக்கூடும்.

நோய்க்கண்டறிகூடங்களிலும் இதே நிலைதான். குருதியிலிருந்து ஊனீரைப் பிரிக்க 3000 சுற்று என்று எழுதிவைத்திருப்பர். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் அது ஏறத்தாழ 1000 மடங்கு. 15 சென்டிமீட்டரில் 1500 மடங்கு. பொறி மாறியதும் குருதியணுக்கள் உடைந்து மாதிரி சிவந்துவிட்டது என்று வியப்போர், ஆரத்தை அளந்திருக்க மாட்டார்கள். ஆகவே என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு சுழற்சிப் பொறியின் மூடியிலும் அதன் ஆரத்தையும், வேண்டிய ஈர்ப்பு மடங்கையும், அதற்கேற்ற சுற்று எண்ணிக்கையையும் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டுக. கணக்கு எளிது. சுற்று எண்ணிக்கையின் இருமடியைச் சென்டிமீட்டர் ஆரத்தால் பெருக்கி, 89,500 ஆல் வகுத்தால் ஈர்ப்பு மடங்கு வந்துவிடும்.

வானூர்தியைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். பெங்களூரு மாணவர்க்கு அதில் ஆர்வம் இயல்பு. அல்சூரிலிருந்து கிழக்கே செல்லும் பழைய விமான நிலையச் சாலையில், 1957இல் தொடங்கப்பெற்ற விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் உள்ளது. மனிதரை அமர்த்திச் சுழற்றும் பெரிய சுழற்சிப் பொறி அங்குண்டு. ககன்யான் திட்டத்திற்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சோதனைகளும் அந்நிறுவனத்திலேயே நடைபெற்றன. போர் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 800 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 8 மடங்கு. இதயத்திலிருந்து மூளை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், சாதாரண நிலையில் குருதியின் அழுத்தம் அங்கே 23 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்தே சேர்கிறது. 5 மடங்கில் அக்குறைவு 115 ஆகிவிடும்; இதயம் தரும் அழுத்தம் முழுவதும் அதிலேயே தீர்ந்துபோகிறது. பார்வை மங்கி நினைவு தப்புவதன் காரணம் இது. கால்களையும் வயிற்றையும் இறுக்கும் சிறப்பு உடையும், தசைகளை இறுக்கி மூச்சை அடக்கும் பயிற்சியும் இன்றி 8 மடங்கை எவரும் தாங்குவதற்கில்லை. உயிரியல் ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து எடுக்கத்தக்க பாடம் இது. நம் பள்ளிகளில் அவ்விருவரும் ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில் மட்டுமே சந்திக்கின்றனர்.

பாடத்திட்டம் நீளமானது, நேரம் இல்லை என்னும் மறுப்பை நான் அறிவேன். வட்ட இயக்கத்திற்கு ஒதுக்கப்படும் வேளைகளில் பெரும்பகுதி ஒரே வகைக் கணக்குகளில் கழிகிறது என்பதையும் அறிவேன். நூலில் கட்டிய கல், கல்லின் நிறை இவ்வளவு, வேகம் இவ்வளவு, விசை யாது என்னும் கணக்கைப் பத்துமுறை செய்வதைக் காட்டிலும் இரண்டுமுறை செய்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் மாணவரை வெளியே அனுப்புவது மேல்.

முதலில் கூறிய மாணவனை அவ்வாறே அனுப்பினேன். 60 சென்டிமீட்டர் நூலில் ஒரு திருகுமரையைக் கட்டி, மெட்ரோ வண்டியில் அது வளைவில் எவ்வளவு ஒதுங்குகிறது என்று பார்த்துவரச் சொன்னேன். சமதளப் பாதையில், 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியாயின் மரை 3 சென்டிமீட்டர் ஒதுங்க வேண்டும். 72 கிலோமீட்டராயின் 12 சென்டிமீட்டர் ஒதுங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் கொடுத்தேன். அவன் வரைபடத்திலிருந்து வளைவின் ஆரத்தையும் கைப்பேசியிலிருந்து வேகத்தையும் ஏறத்தாழக் கண்டுகொண்டு, தன் தங்கையை உடனழைத்துச் சென்று, அல்சூருக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே நான்குமுறை போய்வந்தான். திரும்பி வந்தவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. மரை ஒதுங்கியது உண்மை. ஆனால் கணக்கில் வந்ததில் பாதிகூட இல்லை என்றான். தன் அளவீடு தவறென்று எண்ணிக் குறிப்பேட்டை மூடிவைத்திருந்தான்.

நான் விடை கூறவில்லை. மரையை எதனோடு ஒப்பிட்டு அளந்தாய் என்று மட்டும் கேட்டேன். வண்டியின் கதவருகே நிற்கும் கம்பத்தோடு என்றான். சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்தான். பிறகு, "ஐயா, அந்தக் கம்பம் நேராகத்தான் நின்றதா?" என்று கேட்டான். மறுநாள் நிலைய மேடையின் கோடியில் நின்று, வளைவில் இரு தண்டவாளங்களும் ஒரே மட்டத்தில் இல்லாததைப் பார்த்துவிட்டு வந்து, வெளித்தண்டவாளம் எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்னும் கணக்கைத் தானே போடத் தொடங்கினான். தண்டவாளங்களின் இடைவெளியை 1435 மில்லிமீட்டர் என்று கொள்வதா, தலைகளின் மையத்திலிருந்து அளந்து 1500 என்று கொள்வதா என்பதில் அவனுக்கும் அவன் தங்கைக்கும் இப்போது வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.